அமெரிக்க சுதந்திரப் போர் சண்டைகள்: அடிக்கடி கேக்குற கேள்விகள் (கடலூர்ல முடிஞ்ச கதை உட்பட)

நமக்கு ஸ்கூல் புக்ல இந்தப் போர் மொத்தமும் ஒரு பக்கம் தான். டீயை கடல்ல கொட்டினாங்க, வாஷிங்டன் ஜெயிச்சாரு, 1776ல சுதந்திரம், அவ்ளோதான். ஆனா 1776ல சுதந்திரம்னு அறிவிச்சாங்களே தவிர கிடைக்கல, அதுக்கப்புறம் ஏழு வருஷம் அடிவாங்கிட்டே ஓடினாங்க. எங்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள மட்டும் எடுத்து இங்க பதில் போட்டிருக்கேன், சில பதில் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

டீ விலை ஏறினதுக்கா இவ்ளோ பெரிய சண்டை?

விலை ஏறல, இறங்குச்சு! இதுதான் பாதி பேருக்குத் தெரியாது. பிரான்ஸோட போட்ட ஏழு வருஷப் போர் (1756-63) முடிஞ்சப்போ பிரிட்டனுக்கு கழுத்து வரைக்கும் கடன், அந்த கடன்ல ஒரு பங்க அமெரிக்க காலனிக்காரங்க தலைல கட்டப் பார்த்தாங்க. 1765ல ஸ்டாம்ப் வரி, அப்புறம் கண்ணாடி, பெயிண்ட், பேப்பர், டீன்னு வரிசையா. "பார்லிமென்ட்ல எங்களுக்கு ஒரு ஆள் கூட கிடையாது, நீ யாருய்யா வரி போட"ன்னு கெளம்பினாங்க. மத்த வரியெல்லாம் வாபஸ் வாங்கிட்டு டீ மேல மட்டும் விட்டு வச்சாங்க. 1773ல கிழக்கிந்தியக் கம்பெனி குடோன்ல டீ மலையா தேங்கிக் கிடந்துச்சு, கம்பெனி திவாலாகுற நெலம, அதக் காப்பாத்த நேரா அமெரிக்காவுல விக்க பர்மிஷன் குடுத்தாங்க. டீ சீப் ஆச்சு, ஆனா வரி ஒட்டிக்கிட்டே வந்துச்சு, வாங்கினா வரியை ஒத்துக்கிட்ட மாதிரி. உள்ளூர் வியாபாரிங்களுக்கும் பொழப்புல மண்ணு. 1773 டிசம்பர் 16 ராத்திரி பாஸ்டன் துறைமுகத்துல 342 பெட்டி தண்ணிக்குள்ள போச்சு. (அது இந்திய டீ இல்லீங்க, சீன டீ. அஸ்ஸாம் டீயெல்லாம் அப்போ பொறக்கவே இல்ல.) பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்த இழுத்து மூடிட்டு பட்டாளத்த எறக்குச்சு.

முதல் குண்டு எங்க வெடிச்சுது?

1775 ஏப்ரல் 19, விடியக்காலைல, லெக்சிங்டன்ங்கற சின்ன ஊரு. பாஸ்டன்ல இருந்து பிரிட்டிஷ் சிப்பாய்ங்க 700 பேரு பக்கத்துல இருக்கிற கான்கார்டுல பதுக்கி வச்ச ஆயுதத்த பறிமுதல் பண்ண கெளம்பினாங்க, விஷயம் ராத்திரியே லீக் ஆகி குதிரைல ஆளுங்க ஊர் ஊரா போய் தட்டி எழுப்பிட்டாங்க. லெக்சிங்டன் பொட்டல்ல 70, 80 பேரு, எல்லாம் உள்ளூர் விவசாயிங்க, துப்பாக்கியோட நின்னாங்க. முதல்ல யாரு சுட்டான்னு இன்னி வரைக்கும் யாராலயும் சொல்ல முடியல. அந்த உள்ளூர் ஆளுங்கள்ல எட்டு பேர் அங்கயே காலி.

ஆனா உண்மையான சண்டை திரும்பி வர்ற வழில. சுமார் 30 கிலோமீட்டர் ரோடு, ரெண்டு பக்கமும் கல்லு வேலி, மரம், வீடு, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு துப்பாக்கி. சாயந்திரம் பாஸ்டன் போய் சேர்றதுக்குள்ள பிரிட்டிஷ் பக்கம் செத்தது, காயம்பட்டது, காணாமப் போனது எல்லாம் சேர்த்து 270க்கு மேல.

பங்கர் ஹில்ல பிரிட்டிஷ்காரன் தானே ஜெயிச்சான், அத ஏன் கொண்டாடுறாங்க?

ஆமா, அவன் தான் ஜெயிச்சான். அதுவும் சண்டை நடந்தது பக்கத்துல இருக்கிற ப்ரீட்ஸ் ஹில்ல, பேரு மட்டும் மாறி ஒட்டிக்கிச்சு. 1775 ஜூன் 17. மேட்டு மேல மண்ணு கொட்டி அரண் கட்டி உக்காந்திருக்கிறவங்கள நோக்கி பிரிட்டிஷ் படை நேரா ஏறுது, ரெண்டு தடவை அடிச்சு எறக்கிட்டாங்க, மூணாவது தடவை மேல இருக்கிறவங்களுக்கு வெடிமருந்து தீந்துடுச்சு. மேடு பிரிட்டிஷ் கைக்கு வந்துச்சு, அதுக்கு அவங்க குடுத்த விலை ஆயிரத்துக்கும் மேல ஆளு, அதுல ஆபீசருங்க ஏராளம். இன்னும் ரெண்டு மேடு இப்படி ஜெயிச்சா பட்டாளமே இருக்காதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சு போச்சு.

அப்போ பாஸ்டன எப்படி விட்டுட்டுப் போனாங்க?

இந்தப் போர்ல எனக்கு ரொம்பப் புடிச்ச கதை இதுதான், இதுல சண்டையே கிடையாது. ஹென்றி நாக்ஸ்னு ஒரு 25 வயசு புக்கடைக்காரர். பீரங்கி பத்தி அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் கடைல இருந்த புக்க படிச்சு தெரிஞ்சது தான். வடக்க டைகான்டெரோகா கோட்டைல பிரிட்டிஷ்காரங்க கிட்டருந்து புடிச்ச பீரங்கிங்க சும்மா கிடக்குது, நான் போய் கொண்டு வரேன்னாரு. 59 பீரங்கி, 480 கிலோமீட்டர், நடு குளிர்காலம். காளை மாடு பூட்டின சறுக்கு வண்டில ஏத்தி, உறைஞ்ச ஆத்து மேல இழுத்துட்டு வராங்க, ஐஸ் ஒடஞ்சு பீரங்கி உள்ள போகுது, அத மறுபடி வெளிய இழுக்குறாங்க. கொண்டு வந்து சேர்த்துட்டாரு.

1776 மார்ச் 4 ராத்திரி, பாஸ்டன பாத்தாப்ல இருக்கிற டார்செஸ்டர் மேட்டுல ஏத்துறாங்க. சத்தம் கேக்கக்கூடாதுன்னு வண்டிச் சக்கரத்துல வைக்கோல சுத்தி, தரை ஐஸா இருந்ததால தோண்ட முடியாதுன்னு அரணுக்கு வேண்டிய மரச்சட்டத்த முன்னாடியே செஞ்சு எடுத்துட்டுப் போயிருக்காங்க. காலைல பிரிட்டிஷ் ஜெனரல் எந்திரிச்சு பாக்குறாரு, நேத்து மொட்டையா இருந்த மேட்டுல இன்னிக்கு கோட்டை இருக்கு. மார்ச் 17 மொத்தமா கப்பல் ஏறிட்டாங்க.

வாஷிங்டன் நெஜமாவே பெரிய தளபதியா, இல்ல பில்டப்பா?

சண்டைக்கணக்கு மட்டும் பாத்தீங்கன்னா தோத்தது தான் ஜாஸ்தி. 1776 ஆகஸ்ட் 27 லாங் ஐலண்ட் சண்டைல, இப்போ நியூயார்க்கோட புரூக்ளின் இருக்கிற எடம், ஜமைக்கா பாஸ்ங்கற ஒரு வழிய காவல் இல்லாம விட்டுட்டாரு, பிரிட்டிஷ் படை ராத்திரியோட ராத்திரியா அது வழியா வந்து முதுகுல அடிச்சுது. பின்னாடி ஆறு, முன்னாடி எதிரி, அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கணும்.

ஆனா ரெண்டு நாள் கழிச்சு ராத்திரில 9,000 பேரையும் படகுல ஏத்தி அக்கரைக்கு கொண்டு போயிட்டாரு. தண்டு வலிச்சது மார்பிள்ஹெட் மீனவருங்க. விடியும்போது இன்னும் ஆளு பாக்கி, நல்லவேளையா மூடுபனி எறங்கி மறச்சிடுச்சு. என்னைக் கேட்டா அவரோட தெறம இதுதான், தோத்தாலும் படைய கைல வச்சிருந்தாரு. பிரிட்டிஷ்காரன் நியூயார்க்க புடிச்சான், பிலடெல்பியாவ புடிச்சான், சார்லஸ்டன புடிச்சான், தலைநகர புடிச்சா நாடே விழுந்துடும்னு நெனச்சான், இங்க விழுறதுக்கு ஒரு தலை இல்லவே இல்ல. படை எங்கயாவது காட்டுல உயிரோட இருந்துச்சுன்னா போர் பாக்கி இருக்குன்னு அர்த்தம்.

டிரெண்டன்ல ஜெர்மன்காரங்க கிறிஸ்துமஸ் போதைல இருந்தாங்களாமே?

பாவம், அது சும்மா கட்டிவிட்ட கதை. அவங்க ஹெஸ்ஸியன் படை, ஜெர்மன் சிற்றரசருங்க கிட்ட பிரிட்டன் வாடகைக்கு எடுத்த பட்டாளம். பல நாளா தூக்கம் இல்லாம காவல் காத்து நொந்து போயிருந்தாங்க, அன்னிக்கு பனிப்புயல் அடிச்சதால இந்த நேரத்துல எவன் வரப்போறான்னு அசந்துட்டாங்க.

வாஷிங்டனுக்கு வேற வழியே இல்ல. டிசம்பர் 31ஓட முக்கால்வாசி சிப்பாய்ங்களோட கான்ட்ராக்ட் முடியுது, எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவான். 1776 டிசம்பர் 25 ராத்திரி 2,400 பேரும் 18 பீரங்கியும் ஐஸ் மெதக்குற டெலவேர் ஆத்த தாண்டுறாங்க. மூணு எடத்துல தாண்டணும்னு பிளான், மத்த ரெண்டு குரூப்பால முடியல, இவர் குரூப் மட்டும் தான் வந்துச்சு, அதுவும் மூணு மணி நேரம் லேட். வழில ரெண்டு பேரு குளிர்லயே செத்துப் போனாங்க. பலர் காலுக்கு துணி தான் சுத்தியிருந்தாங்க. 26ஆம் தேதி காலைல ஊருக்குள்ள புகுந்தா ஒரு மணி நேரத்துல 900 கைதி. அமெரிக்கா பக்கம் சண்டைல செத்தவங்க கிட்டத்தட்ட யாருமே இல்ல.

ஒரு வாரம் கழிச்சு பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் பெரிய படையோட வந்து மடக்கிட்டாரு, காலைல புடிச்சிக்கலாம்னு தூங்கப் போனாரு. வாஷிங்டன் கூடார நெருப்ப அப்படியே எரியவிட்டுட்டு ராத்திரில நழுவி, மறுநாள் (ஜனவரி 3) பிரின்ஸ்டன்ல பின்பக்கமா போய் அடிச்சாரு. கார்ன்வாலிஸ்ங்கற பேர ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏன் லைன் கட்டி நின்னு சுட்டுக்கிட்டாங்க? லூசா?

அந்த மஸ்கட் துப்பாக்கி 100 கஜத்துக்கு மேல எங்க போகும்னு சுடுறவனுக்கே தெரியாது. ஒருத்தன் சுட்டா வேஸ்ட், 300 பேர் ஒரே நேரத்துல சுட்டா எதிர்ல ஏதாவது விழும். நிமிஷத்துக்கு மூணு ரவுண்டு, அப்புறம் புகைல ஒண்ணும் தெரியாது, முனைல கத்திய சொருகிட்டு ஓட வேண்டியது தான். ரைஃபிள் குறி தப்பாது, ஆனா மருந்து அடைக்க நேரமாகும், கத்தி சொருகவும் வழி இல்ல.

சரடோகாவ ஏன் டர்னிங் பாயிண்ட்னு சொல்றாங்க?

1777 பிளான் பேப்பர்ல சூப்பரா இருந்துச்சு. கனடாவுல இருந்து பிரிட்டிஷ் தளபதி பர்காய்ன் தெக்க எறங்குவாரு, நியூயார்க்ல இருந்து இன்னொரு பிரிட்டிஷ் தளபதி ஹவ் வடக்க ஏறுவாரு, ஆல்பனில கை குலுக்கிக்கணும், அமெரிக்கா ரெண்டா கட். ஆனா ஹவ் கப்பல் ஏறி பிலடெல்பியா பக்கம் போயிட்டாரு! லண்டன்ல இருந்து லெட்டர் வர ஒரு மாசத்துக்கு மேல, அதுக்குள்ள இங்க எல்லாம் மாறிடும், ரெண்டு பேரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு போர் நடத்தினாங்க.

பர்காய்ன் காட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரு. அமெரிக்கருங்க வழி பூரா மரத்த வெட்டி குறுக்க போட்டு, ஓடைய திருப்பி விட்டு சேறாக்கிட்டாங்க, 35 கிலோமீட்டர் தூரத்துக்கு மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. சாப்பாடு தேடி பென்னிங்டனுக்கு அனுப்பின படையும் காலி. செப்டம்பர் 19 ஒரு சண்டை, அக்டோபர் 7 இன்னொண்ணு, அக்டோபர் 17 கிட்டத்தட்ட 6,000 பேரோட சரண். இதக் கேட்ட அப்புறம் தான் பிரான்ஸுக்கு நம்பிக்கை வந்து 1778 பிப்ரவரி 6 ஒப்பந்தம் போட்டுச்சு. அதுவரைக்கும் திருட்டுத்தனமா ஆயுதம் குடுத்துட்டிருந்தவன் இப்போ கப்பற்படையோட நேரா வந்தான். அப்புறம் ஸ்பெயின், டச்சுக்காரன்னு உள்ளூர் சண்டை உலகச் சண்டை ஆயிடுச்சு.

சரடோகால ஒரு சிலை இருக்கு, வெறும் பூட்ஸ் மட்டும், பேரே கிடையாது. அக்டோபர் 7 சண்டைல முன்னாடி நின்னு கால்ல குண்டு வாங்கினவர் அமெரிக்க ஜெனரல் பெனடிக்ட் ஆர்னால்ட், 1780ல வெஸ்ட் பாயிண்ட் கோட்டைய எதிரிக்கு விக்கப் பாத்து மாட்டி அந்தப் பக்கம் ஓடிட்டாரு. காலுக்கு மரியாதை உண்டு, ஆளுக்கு இல்ல.

வேலி ஃபோர்ஜ் யாரு ஜெயிச்சது?

அங்க சண்டையே நடக்கல. 1777-78 குளிர்காலம் முகாம் போட்ட எடம். சுமார் 2,000 பேரு நோய்லயே செத்தாங்க. வான் ஸ்டூபன்னு ஒரு பிரஷ்யாக்காரர் வந்து, இங்கிலீஷ் தெரியாம மொழிபெயர்ப்பாளர் வச்சு திட்டிட்டே டிரில் சொல்லிக் குடுத்தாரு.

தெக்கு பக்க சண்டை எதுவும் கேள்விப்பட்டதே இல்லயே?

அதான் பாதி போரே! 1780 மே 12 சார்லஸ்டன் விழுந்துச்சு, 5,000 பேர் சரண். ஆகஸ்ட்ல கேம்டன்ல இன்னொரு படை ஓட்டம், சரடோகா ஹீரோ ஜெனரல் கேட்ஸ் குதிரைல ஓடின வேகத்த இன்னிக்கும் கிண்டல் பண்றாங்க. அங்க நடந்தது முக்கால்வாசி அமெரிக்கனுக்கும் அமெரிக்கனுக்கும் தான், ராஜா கட்சி ஒரு பக்கம், விடுதலை கட்சி ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரனே எரிச்சான். அக்டோபர் 7 கிங்ஸ் மவுண்டன் சண்டைல பிரிட்டிஷ் தரப்புல நெஜ பிரிட்டிஷ்காரன் தளபதி ஃபெர்கூசன் ஒருத்தர் தான், மீதி எல்லாம் உள்ளூர் ஆளுங்க.

அடுத்து 1781 ஜனவரி 17, கௌபென்ஸ். அமெரிக்க தளபதி டேனியல் மார்கனுக்கு தன்னோட மிலிஷியா ஆளுங்க, அதாவது ஊர்ப்படை, கத்திய பாத்தா ஓடிடுவாங்கன்னு நல்லா தெரியும். அதனால அதையே பிளானாக்கினாரு: ரெண்டு ரவுண்டு சுடுங்க, அப்புறம் தாராளமா ஓடி பின்னாடி வாங்க. கபடில ரெய்டர கோட்டுக்கிட்ட தொடாம உள்ள இழுத்து விட்டு செயின் போட்டு மடக்குவோமே, அதே தான். எதிர்ல வந்த பிரிட்டிஷ் தளபதி டார்லடன் ஓடுறானுங்கடான்னு கண்ணு மண்ணு தெரியாம பாய்ஞ்சாரு, மேட்டுக்குப் பின்னாடி ரெகுலர் படை நிக்குது, பக்கவாட்டுல குதிரைப்படை சுத்தி வருது. ஒரு மணி நேரம் கூட ஆகல, 1,100 பேர்ல 800க்கு மேல செத்தோ சிக்கியோ போனாங்க.

அப்புறம் கார்ன்வாலிஸ் வெறியாகி, மூட்ட முடிச்ச எரிச்சுட்டு கிரீன்ங்கற அமெரிக்க தளபதிய தொரத்துறாரு. மார்ச் 15 கில்ஃபோர்ட்ல ஜெயிச்சாரு, நாலுல ஒரு பங்கு படைய குடுத்து. ஓஞ்சு போய் கடலோரம் போனாரு.

யார்க்டவுன்ல என்னதான் ஆச்சு?

கார்ன்வாலிஸ் போய் உக்காந்த எடம் யார்க்டவுன், பின்னாடி தண்ணி, ராயல் நேவி வந்து ஏத்திக்கும்னு தைரியம். வந்தது பிரெஞ்சு கப்பல். 1781 செப்டம்பர் 5 செசபீக் விரிகுடா வாசல்ல பிரெஞ்சு தளபதி டி கிராஸோட 24 கப்பலும் பிரிட்டிஷ் தளபதி கிரேவ்ஸோட 19 கப்பலும் மோதிக்கிச்சு, ரெண்டு பக்கமும் ஒரு கப்பல் கூட புடிபடல, ஆனா பிரிட்டிஷ் கப்பல்ங்க நியூயார்க் திரும்பிடுச்சு. இந்தச் சண்டைல ஒரு அமெரிக்கப் படை கூட கிடையாது, ஆனா போர முடிச்சது இதுதான்னு நான் சொல்லுவேன்.

அதே நேரம் வாஷிங்டனும் பிரெஞ்சு தளபதி ரோஷம்போவும் நியூயார்க் பக்கத்துல இருந்து 600 கிலோமீட்டருக்கு மேல நடந்து வராங்க. கெளம்பினது தெரியக்கூடாதுன்னு நியூஜெர்சில பெரிய பெரிய ரொட்டி அடுப்பு கட்டினாங்க, இங்கயே தான் முகாம் போடப் போறோம்னு காட்ட. முற்றுகைல பள்ளம் தோண்டித் தோண்டி கிட்டப் போயி, அக்டோபர் 14 ராத்திரி ரெண்டு காவல் அரணையும் புடிச்சாங்க, ஒண்ண புடிச்சது பிரெஞ்சுப் படை, இன்னொண்ண அமெரிக்க ஆபீசர் அலெக்சாண்டர் ஹாமில்டனோட ஆளுங்க. 16 ராத்திரி கார்ன்வாலிஸ் படகுல தப்பிக்கப் பாத்தாரு, புயல் வந்து கெடுத்துச்சு. லாங் ஐலண்ட்ல வாஷிங்டனுக்கு பனி வந்துச்சு, இவருக்கு புயல்.

அக்டோபர் 19 சரண், 7,000 பேருக்கு மேல. கார்ன்வாலிஸ் ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு ஓ'ஹாராங்கற ஜூனியர அனுப்பினாரு. அவர் வாள ரோஷம்போ கிட்ட குடுக்கப் போக, அவர் வாஷிங்டன கை காட்ட, வாஷிங்டன் "ஜூனியர் வந்தா ஜூனியர் கிட்ட குடு"ங்கற மாதிரி லிங்கன்ங்கற தன்னோட அடுத்த ஆள கை காட்டினாரு. அந்த லிங்கன் தான் அதுக்கு முந்தின வருஷம் சார்லஸ்டன்ல சரணடைஞ்சவர்.

அடிமையா இருந்தவங்க, பழங்குடிங்க எந்தப் பக்கம்?

யாரு விடுதலை குடுப்பான்னு பாத்து ரெண்டு பக்கமும். 1775 நவம்பர்லயே வர்ஜீனியா கவர்னர் டன்மோர், புரட்சிக்கார முதலாளிய விட்டு ஓடி வந்து எங்களுக்காக சண்டை போட்டா விடுதலைன்னு அறிவிச்சாரு. சுதந்திரம் பத்தி எழுதினவங்க வீட்லயே அடிமை இருந்தாங்கங்கறத மறக்க வேணாம். அமெரிக்கா பக்கமும் சுமார் 5,000 கறுப்பினத்தவங்க சண்டை போட்டாங்க. போர் முடிஞ்சப்போ 3,000 பேர பிரிட்டிஷ் கப்பல் நோவா ஸ்கோஷியாவுக்கு கொண்டு போச்சு. இரோகுவா மக்கள் கூட்டமைப்பு ரெண்டா ஒடஞ்சுது, 1779ல வாஷிங்டன் அனுப்பின சல்லிவன் படை அவங்க ஊரையும் சோளக்காட்டையும் எரிச்சு நாசம் பண்ணுச்சு. சமாதான ஒப்பந்தத்துல அவங்க பேரே இல்ல, நெலம் மட்டும் கை மாறுச்சு.

கடைசி சண்டை கடலூர்ல நடந்துச்சுன்னு சொல்றது உருட்டா?

உருட்டு இல்லீங்க. பிரான்ஸ் போர்ல குதிச்ச உடனே இங்கயும் பத்திக்கிச்சு: 1778 அக்டோபர்ல பிரிட்டிஷ் பாண்டிச்சேரிய புடிச்சான், அடுத்த வருஷம் மாஹேய புடிச்சான், மாஹே வழியா சாமான் வாங்கிட்டிருந்த ஹைதர் அலி கடுப்பாகி 1780ல ஆற்காடு சீமைல எறங்கினாரு. டச்சுக்காரனும் போர்ல சேர, நாகப்பட்டினமும் திருகோணமலையும் அடி வாங்குச்சு. பிரெஞ்சு கடற்படை தளபதி சஃப்ரானும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் சதுரங்கப்பட்டினம் தொடங்கி நம்ம கரை, இலங்கைக் கரைன்னு அஞ்சு தடவை மோதினாங்க.

அஞ்சாவது தான் 1783 ஜூன் 20, கடலூருக்கு எதிர்ல. ஊருக்குள்ள பிரெஞ்சு தளபதி புஸ்ஸி, வெளிய ஸ்டூவர்ட்டோட பிரிட்டிஷ் படை தென்பக்கமா முற்றுகை, ஜூன் 13 நடந்த தாக்குதல்ல மட்டும் பிரிட்டிஷ் பக்கம் ஆயிரம் பேர் கிட்ட விழுந்தாங்க, அதுல நம்மூர் சிப்பாய்ங்களும் உண்டு. சஃப்ரான் கிட்ட 15 கப்பல், ஹியூஸ் கிட்ட 18, ஆனா ஹியூஸ் கப்பல்ல குடிதண்ணி தீந்து மாலுமிங்க எல்லாம் ஸ்கர்விங்கற நோய் வந்து படுத்துட்டாங்க, சண்டை முடிஞ்சதும் மெட்ராஸ் திரும்பிட்டாரு. ஜூன் கடைசில சமாதானக் கொடி கட்டின கப்பல் ஒண்ணு சேதி கொண்டு வந்துச்சு: ஐரோப்பாவுல ஜனவரி 20லயே கையெழுத்து போட்டாச்சு! அஞ்சு மாசமா முடிஞ்சு போன போர போட்டுட்டிருந்திருக்காங்க. தேவனாம்பட்டினம் பீச்சுக்கு சுண்டல் சாப்பிடப் போறவங்க ஒரு தடவ கடல பாத்து இத நெனச்சுக்கோங்க.

ஹைதர் அலி பேர்ல அமெரிக்கால கப்பல் இருந்துச்சா?

இருந்துச்சு. பென்சில்வேனியாக்காரங்க வச்ச பேரு, உச்சரிப்பு தான் கொஞ்சம் முன்ன பின்ன. 1782 ஏப்ரல் 8 டெலவேர் விரிகுடாவுல தன்ன விட பெரிய பிரிட்டிஷ் கப்பலையே புடிச்சுது.

கார்ன்வாலிஸ் அப்புறம் என்ன ஆனாரு? தண்டனை எதாவது?

தண்டனையா! 1786ல கவர்னர் ஜெனரலா நம்ம தலைல எறங்கினாரு. 1792ல திப்புவ ஸ்ரீரங்கப்பட்டணத்துல மடக்கி, பாதி ராஜ்ஜியத்த வாங்கி, ரெண்டு பசங்களையும் பணயமா புடிச்சு வச்சுக்கிட்டாரு, திண்டுக்கல் பக்கமெல்லாம் கம்பெனி கைக்கு வந்தது அப்போ தான். அடுத்த வருஷம் வங்காளத்துல ஜமீன்தாருங்களுக்கு நிரந்தர நிலவரி. 1805ல காசிப்பூர்ல செத்தாரு, சமாதி அங்க இருக்கு. சென்னை கோட்டை மியூசியத்துல ஆளுயரத்துக்கும் பெருசா ஒரு சிலை நிக்குது, போனா பீடத்த குனிஞ்சு பாருங்க. யார்க்டவுன்ல வாள் குடுக்க வராதவர், அங்க திப்பு பசங்கள கை நீட்டி வாங்கிக்கிறாரு.